ஹை பிரஷர் பம்ப் வாங்கும் முன், டீசல் எந்த இடத்தில் போதவில்லை என்று பாருங்கள்

கேட்டவரின் வண்டி 2006 ராம் 2500 பிக்கப், 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இன்ஜின். பெரிய நாசில் போட்ட இன்ஜெக்டர்கள், கொஞ்சம் பெரிய டர்போ, இன்ஜின் கம்ப்யூட்டரின் டியூனிங் எல்லாம் ஏற்கெனவே ஏறிவிட்டன. குறி 600 குதிரைத்திறன். முழு ஆக்சிலேட்டர் மிதித்தால் 2,500 ஆர்பிஎம் வரை நன்றாக இழுக்கிறது. அதற்கு மேல் ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பகிரும் பொதுக் குழாயின் அழுத்தம்) சரிகிறது, வண்டி தளர்ந்துவிடுகிறது. வண்டியில் இருக்கும் ஹை பிரஷர் பம்ப்பின் பெயர் சிபி3. அதற்குப் பதில் ஒரு சுற்றுக்கு அதிக டீசல் தரும்படி மாற்றிய ஸ்ட்ரோக்கர் சிபி3 போடலாமா, இரண்டு பம்ப் வைக்கும் இரட்டை சிபி3 போடலாமா என்பது கேள்வி.

என் பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நல்ல நிலையில் உள்ள, கம்பெனியிலிருந்து வந்த ஒற்றை சிபி3 பம்ப் பொதுவாக 550 முதல் 600 குதிரைத்திறன் வரை தாங்கும், அதற்குப் போதுமான டீசல் உள்ளே வந்தால். நீங்கள் அந்த எல்லையில்தான் நிற்கிறீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால் முதல் சந்தேகம் ஹை பிரஷர் பம்ப்பின் மேல் விழவில்லை, அதற்கு டீசல் கொண்டுவந்து தரும் பாதையின் மேல் விழுகிறது. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். இந்தக் காரணம் புரிந்துவிட்டால் அடுத்து எதை வாங்குவது என்பதில் குழப்பமே வராது.

இந்த வண்டியில் டீசல் போகும் வழியை முதலில் மனதில் வரைந்துகொள்ளுங்கள். டாங்க்கிலிருந்து லிஃப்ட் பம்ப் டீசலைத் தள்ளுகிறது. 2003, 2004 வண்டிகளில் இது இன்ஜின் மேல் ஃபில்டர் ஹவுசிங்கோடு சேர்ந்து இருந்தது. 2005 முதல் டாங்க்குக்குள் போய்விட்டது. அங்கிருந்து ஃபில்டர், பிறகு சிபி3. சிபி3-யின் பின்பக்கத்தில் ஒரு சிறிய கியர் பம்ப் இருக்கிறது. அது டீசலை வாங்கி, மின்சாரத்தால் இயங்கும் ஒரு கட்டுப்பாட்டு வால்வு வழியாக உள்ளே அனுப்பும். இந்த வால்வைத்தான் எஃப்சிஏ என்கிறார்கள். அதைத் தாண்டிய டீசல் மூன்று பிஸ்டன்களுக்குப் போகிறது. ஒன்றுக்கொன்று 120 டிகிரி இடைவெளியில் அமைந்த அந்தப் பிஸ்டன்கள் டீசலை அழுத்தி ரெயிலுக்கு ஏற்றுகின்றன. 5.9 இன்ஜினில் கம்பெனி வைத்த உச்ச அழுத்தம் 1,600 பார், அதாவது சுமார் 23,000 பிஎஸ்ஐ. ரெயிலிலிருந்து ஆறு இன்ஜெக்டர்களுக்கும் தனித்தனி பைப்.

இதில் கவனிக்க வேண்டியது, கட்டுப்பாடு பம்ப்பின் நுழைவாயிலில் இருக்கிறது என்பது. பிஸ்டனுக்குள் எவ்வளவு டீசல் நுழைகிறதோ அவ்வளவைத்தான் அது அழுத்த முடியும். அழுத்தம் குறைந்தால் கம்ப்யூட்டர் எஃப்சிஏ-யை முழுவதும் திறக்கும். வால்வுக்கு வெளியே டீசல் காத்திருந்தால் அழுத்தம் ஏறும். வெளியே பற்றாக்குறை இருந்தால் எவ்வளவு திறந்தாலும் பயனில்லை. அப்படிப்பட்ட இடத்தில் பெரிய ஹை பிரஷர் பம்ப்பை வைத்தால் அந்தப் பெரிய பம்ப்பும் பாதி வயிற்றோடுதான் ஓடும். பிஸ்டன் கீழே இறங்கும்போது டீசலுக்குப் பதில் வெற்றிடமும் ஆவிக் குமிழும் உண்டாகும். அவை அழுத்தத்தில் உடையும் இடத்தில் உலோகம் அரிக்கும். புது பம்ப் சீக்கிரமே தேய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, எவ்வளவு டீசல் வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 600 குதிரைத்திறன் என்றால் ஏறக்குறைய 447 கிலோவாட். முழு வேகத்தில் ஓடும் டியூன் செய்த டீசல் இன்ஜின் ஒரு கிலோவாட்-மணிக்கு 240 கிராம் டீசல் எரிக்கிறது என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 107 கிலோ. லிட்டரில் சொன்னால் சுமார் 128. அமெரிக்க கேலன் கணக்கில் 34. இது எரிவதற்கு மட்டும். 3,000 ஆர்பிஎம்மில் ஆறு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 9,000 முறை டீசல் பீய்ச்சும். பங்கிட்டால் ஒரு தடவைக்கு சுமார் 237 கன மில்லிமீட்டர் வருகிறது. உங்கள் வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது 325 குதிரைத்திறன். அதற்கு ஒரு தடவைக்கு சுமார் 120-தான் தேவைப்பட்டிருக்கும். ஆக நீங்கள் கேட்பது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. டாங்க்குக்குள் இருக்கும் பழைய லிஃப்ட் பம்ப், அதே பழைய பைப், அதே பழைய ஃபில்டர் அப்படியே இருக்க, இரண்டு மடங்கு டீசலை யார் கொண்டுவந்து தருவது?

இதோடு ரிட்டர்ன் கணக்கும் சேர்கிறது. இன்ஜெக்டர் ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் கொஞ்சம் டீசல் எரியாமல் டாங்க்குக்குத் திரும்புகிறது. இன்ஜெக்டர் தேயத் தேய இது கூடும். சிபி3-க்குள் உராய்வைக் குறைக்கவும் சூட்டை எடுத்துக்கொண்டு போகவும் ஓடும் டீசல் தனி. அந்த டீசல்தான் பம்ப்புக்கு ஆயில் மாதிரி. வேறு ஆயில் அதற்குள் போவதில்லை.

இப்போது அறிகுறிக்கு வருகிறேன். அழுத்தம் எந்த ஆர்பிஎம்மில் விழுகிறது என்பது நிறையச் சொல்லிவிடும். பம்ப் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று டீசல் தருகிறது. இன்ஜின் வேகம் கூடினால் பம்ப்பின் வேகமும் அதே விகிதத்தில் கூடும், பீய்ச்சும் தடவைகளும் அதே விகிதத்தில் கூடும். ஆனால் இன்ஜெக்டர் கசிவு சுற்றைப் பொறுத்ததாக இல்லாமல் பெரும்பாலும் அழுத்தத்தையும் நேரத்தையும் பொறுத்ததாக இருக்கும். ஆகவே கசிவு இருக்கும் வண்டி, பம்ப் மெதுவாகச் சுற்றும்போதுதான் அதிகம் கஷ்டப்படும். ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும். 1,500, 1,800 ஆர்பிஎம்மில் பாரம் ஏற்றினால் அழுத்தம் பின்தங்கும். லிஃப்ட் பம்ப் பக்கம் பற்றாக்குறை இருந்தால் கதை தலைகீழ். கீழே எல்லாம் சரியாக இருக்கும். ஆர்பிஎம் ஏறி மணிக்கு இத்தனை லிட்டர் என்ற தேவை கூடும்போதுதான் விழும். மேல் வேகத்தில் பிஸ்டன் நிரம்பக் கிடைக்கும் நேரமும் சுருங்குவதால் நுழைவாயில் அழுத்தம் இன்னும் முக்கியமாகிவிடுகிறது. உங்கள் வண்டி 2,500 வரை நன்றாக இழுத்து, அதற்கு மேல் தளர்கிறது என்கிறீர்கள். அதனால்தான் பாதையைச் சந்தேகிக்கச் சொன்னேன். ஒற்றை சிபி3 தன் எல்லையைத் தொட்டுவிட்டாலும் இதே மாதிரி தெரியலாம். இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு சாதாரண பிரஷர் கேஜ் போதும்.

அந்தக் கேஜை ஃபில்டருக்குப் பிறகு, சிபி3-க்கு முன்னால் வையுங்கள். ஃபில்டருக்கு முன் வைத்தால் அடைத்த ஃபில்டரும் நல்ல அழுத்தத்தையே காட்டும். ஓட்டும்போது கண்ணுக்குத் தெரியும்படி கேபினுக்குள் எலக்ட்ரிக் கேஜாக இருக்கட்டும். டீசல் ஓடும் பைப்பையே கேபினுக்குள் இழுத்துவரும் பழைய முறை வேண்டாம், கசிந்தால் ஆபத்து. அப்புறம் ஒரு லாகர் (கம்ப்யூட்டரின் அளவுகளைப் பதியும் கருவி) வைத்து ஆர்பிஎம், கம்ப்யூட்டர் கேட்கும் ரெயில் பிரஷர், உண்மையில் கிடைக்கும் ரெயில் பிரஷர், எஃப்சிஏ எவ்வளவு திறந்திருக்கிறது என்ற நான்கையும் பதிவு செய்யுங்கள். போக்குவரத்து இல்லாத இடத்திலோ, வண்டியை நிறுத்தியபடியே சக்தியை அளக்கும் டைனோவிலோ ஒரே கியரில் 1,600-லிருந்து 3,000 வரை முழுதாக ஒருமுறை மிதித்தால் போதும்.

நுழைவாயில் அழுத்தம் ஐடிலில் 10 பிஎஸ்ஐக்கு மேல் இருந்து, முழு மிதியில் 5-க்குக் கீழே போய்விட்டால் வேறு எதையும் தேட வேண்டாம், பற்றாக்குறை அங்கேதான். சிபி3-க்கு நான் ஓட்டத்தில் எதிர்பார்ப்பது 8 முதல் 15 பிஎஸ்ஐ. அது அசையாமல் நிற்க, எஃப்சிஏ முழுவதும் திறந்திருக்க, ரெயில் பிரஷர் மட்டும் விழுகிறது என்றால்தான் ஹை பிரஷர் பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்கும்போதும் பம்ப்பின் மேல் கைவைப்பது கடைசி. ரெயிலில் ஒரு பிரஷர் ரிலீஃப் வால்வு இருக்கிறது. அழுத்தம் மிதமிஞ்சினால் திறந்து காப்பாற்றுவது அதன் வேலை. ஒருமுறை, இருமுறை திறந்த பிறகு சரியாக உட்காராமல் கசியத் தொடங்குவது சகஜம். அதன் ரிட்டர்ன் பைப் இணைப்பை (யூனியனை)க் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: திறக்கக் கூடாத நேரத்தில் அங்கே டீசல் வரவே கூடாது. இந்த வால்வை அடைத்துவிட ஒரு மூடி விற்கிறார்கள். பந்தய வண்டிக்கு அது ஒரு வழி. சாலையில் ஓடும் வண்டியில் நான் அதைப் போட மாட்டேன், போடவும் சொல்ல மாட்டேன். எஃப்சிஏ-க்கு மின்சாரம் போகாவிட்டால் அது திறந்த நிலையிலேயே நிற்கும், பம்ப் தன்னால் முடிந்த அளவு ஏற்றிக்கொண்டே போகும். ஒரு வயர் அறுந்த நேரத்தில் அந்த ரிலீஃப் வால்வு ஒன்றுதான் பாதுகாப்பு.

அடுத்து இன்ஜெக்டர் ரிட்டர்ன் அளவு. கம்மின்ஸில் பக்கவாட்டிலிருந்து இன்ஜெக்டருக்குள் நுழையும் கனெக்டர் குழாய் ஒன்று உண்டு. அதன் முனை இன்ஜெக்டரில் சரியாகப் பதியவில்லை என்றால் அங்கே கசியும் டீசலும் ரிட்டர்னுக்குத்தான் போகும், வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. இன்ஜெக்டர் மாற்றும்போது பழைய குழாயையே திரும்பப் போட்டிருந்தாலோ, சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க்கில் (இறுக்கும் விசையில்) வரிசைப்படி இறுக்காமல் விட்டிருந்தாலோ இது வரும். நீங்கள் இன்ஜெக்டர் மாற்றிய பிறகு தொடங்கிய பிரச்சினை என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

டியூனிங்கையும் விட்டுவிடாதீர்கள். கூடுதல் டீசல் வேண்டும் என்றால் டியூன் செய்பவருக்கு இரண்டு வழி: அழுத்தத்தைக் கூட்டலாம், இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டலாம். 3,000 ஆர்பிஎம்மில் ஒரு மில்லி விநாடிக்குள் கிராங்க் 18 டிகிரி திரும்பிவிடும். 2.5 மில்லி விநாடி திறந்து வைத்தால் 45 டிகிரி. அந்தக் கடைசிப் பகுதி டீசல் பிஸ்டன் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது எரியும். சக்தி கொஞ்சம்தான் கிடைக்கும், மீதி எக்ஸாஸ்ட் சூடாகவும் புகையாகவும் போகும், ரெயில் பிரஷரும் காலியாகும். சிறிய இன்ஜெக்டருக்கு எழுதிய டியூனைப் பெரிய நாசிலுக்கு அப்படியே ஓட்டுகிறவர்கள் உண்டு. பெரிய நாசிலுக்கு நேரத்தைக் குறைத்து எழுத வேண்டும். எழுதினால் பம்ப்பின் மேல் சுமையும் இறங்கும்.

அழுத்தம் விழுவதால் என்ன நஷ்டம் என்று கேட்டால்: நாசில் வழியாகப் போகும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 1,600 பாரிலிருந்து 1,100-க்கு இறங்கினால் அதே நேரத்தில் 17 சதவீதம் டீசல் குறைவாகப் போகும். அதைவிடப் பெரிய நஷ்டம், துளிகள் பருத்துவிடுவது. பருத்த துளி மெதுவாக எரியும். சக்தி குறையும், புகையும் சூடும் ஏறும்.

இனி லிஃப்ட் பம்ப்பைப் பற்றி. இந்த வேலைக்கு இன்று பெரும்பாலும் போடப்படுவது சேசிஸில் பொருத்தும் எலக்ட்ரிக் பம்ப், அதோடு சேர்ந்த ஃபில்டர், தண்ணீர் பிரிப்பான். ஃபாஸ், ஏர்டாக் போன்றவை இந்த வகை. மணிக்கு 100, 150, 165 கேலன் என்ற அளவுகளில் வரும். எரிவது 34 கேலன்தானே, 150 எதற்கு என்று தோன்றலாம். அந்த எண் எதிர்ப்பே இல்லாமல் ஓடவிட்டு அளந்தது. ஃபில்டர், பைப், வளைவு, வோல்டேஜ் குறைவு எல்லாம் சேர்ந்தால் நடைமுறையில் கிடைப்பது குறையும். ரிட்டர்னும் சிபி3-யின் சொந்தத் தேவையும் மேலே சேரும். டீசலில் கலந்து வரும் காற்றைப் பிரித்து டாங்க்குக்கு அனுப்பவும் கொஞ்சம் ஓட்டம் மிச்சம் இருக்க வேண்டும். உங்கள் 600-க்கு 150 அல்லது 165 போடுவேன். பின்னால் ஒரு நாள் பெரிய சிபி3 போட்டாலும் அதே பம்ப் போதும்.

வாங்கும்போது அழுத்தத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் ஸ்பிரிங்கை இறுக்கி 20 பிஎஸ்ஐ காட்டும் சிறிய பம்ப்பைவிட, முழு மிதியிலும் 10-ஐ விட்டு இறங்காத பெரிய பம்ப் நூறு மடங்கு மேல்.

பம்ப்பைப் பொருத்தும் இடம் டாங்க்குக்குப் பக்கத்தில், டாங்க்கின் மட்டத்துக்குத் தாழ்வாக இருப்பது நல்லது. இந்தப் பம்ப்புகள் தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் அப்படி இல்லை. நீளமாக இழுக்கவிட்டால் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் இறங்கி டீசலில் கரைந்திருக்கும் காற்று குமிழாக வெளிவரும். பைப் அரை அங்குலம் போடுங்கள். முழங்கை வளைவுகளைக் குறையுங்கள். புதுப் பம்ப் போட்டும் பலன் தெரியவில்லை என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் டாங்க்குக்குள் பழைய மெல்லிய குழாய் அப்படியே இருக்கும், அல்லது ஏதாவது ஒரு யூனியன் துளை சிறியதாக இருக்கும்.

டாங்க்கிலிருந்து எடுக்க இரண்டு வழி. மேலிருந்து ஒரு குழாயை அடிவரை இறக்குவது ஒன்று, டாங்க்கின் அடியில் துளையிட்டு ஒரு கிண்ணம் பொருத்துவது இன்னொன்று. குழாய் முறையில் டாங்க்கை ஓட்டை போட வேண்டாம். ஆனால் கால் டாங்க்குக்குக் கீழே வந்ததும் ஏற்றத்திலும் வளைவிலும் காற்று இழுக்கும், அந்த நொடியில் முழு மிதி மிதித்தால் ரெயில் பிரஷர் காணாமல் போகும். குழாயின் முனையைச் சரிவாக வெட்டி, அடித்தளத்திலிருந்து விரல் தடிமன் விட்டு நிறுத்துங்கள். கிண்ணம் கடைசி லிட்டர் வரை எடுக்கும். ஆனால் டாங்க்கில் சேரும் தண்ணீரும் அழுக்கும் முதலில் அங்கேதான் போகும், கரடுமுரடான பாதையில் அடிபடவும் வாய்ப்பு உண்டு. சாலையில் ஓட்டி, அவ்வப்போது டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு நான் குழாயைத் தேர்ந்தெடுப்பேன். எதைப் போட்டாலும் இன்ஜின் மேலே இருக்கும் பழைய ஃபில்டரைக் கழற்றிவிடாதீர்கள். இரண்டு ஃபில்டர் இருப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை. சிபி3-க்குள்ளும் இன்ஜெக்டருக்குள்ளும் இடைவெளி சில மைக்ரான்தான். மின்சாரத்தை பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வைத்து நேராக எடுங்கள், பழைய பம்ப்பின் வயரை ரிலேவைத் தூண்ட மட்டும் பயன்படுத்துங்கள்.

இவ்வளவும் செய்து, கேஜ் 10-இல் நிலையாக நின்று, கசிவு இல்லை என்று உறுதியாகி, டியூனும் சரியாக இருந்து, அப்போதும் 2,800-க்கு மேல் கேட்ட அழுத்தம் கிடைக்கவில்லை என்றால் சிபி3 தன் எல்லையைத் தொட்டுவிட்டது, அல்லது தேய்ந்துவிட்டது. வண்டிக்கு வயதாகிவிட்டது, ஆகவே தேய்மானத்தையும் கணக்கில் எடுங்கள். வெறும் நல்ல சிபி3 ஒன்றே உங்கள் 600-ஐ எட்டிவிடலாம்.

அதற்கு மேலும் வேண்டும் என்பவருக்கு ஸ்ட்ரோக்கர். பம்ப்பின் உள்ளே இருக்கும் கேமை மாற்றி பிஸ்டனின் நகர்வைக் கூட்டுவதுதான் இது. 10 மில்லிமீட்டர், 12 மில்லிமீட்டர் என்று விற்கிறார்கள். வெளித்தோற்றம், பொருத்தும் இடம், பைப் எல்லாம் அதேதான். ஒரு சுற்றுக்கு அதிக டீசல் கிடைப்பதால் கீழ் ஆர்பிஎம்மிலும் பலன் தெரியும், ஸ்டார்ட்டிங்கும் எளிதாகும். இரட்டை சிபி3 என்றால் இன்ஜினின் மேலே இரண்டாவது பம்ப்பை பெல்ட்டில் ஓட்டுவது. 700, 800-க்கு மேல் போகிறவர்களுக்கும் டிராக்டர் புல்லிங், டிராக் ரேஸ் ஓடுகிறவர்களுக்கும் அது பொருந்தும். சுமை இரண்டாகப் பிரிவதால் ஒவ்வொரு பம்ப்பும் நிம்மதியாக ஓடும். கூடவே பிராக்கெட், புல்லி, கூடுதல் உயர் அழுத்த பைப், பெல்ட் வழுக்கும் சாத்தியம், இரண்டு மடங்கு நுழைவாயில் தேவை எல்லாம் வந்து சேரும். 1,600 பாரில் மணிக்கு 128 லிட்டர் ஏற்றவே, வீணாவதைச் சேர்க்காமல், ஏழு, எட்டு குதிரைத்திறன் செலவாகிறது. அந்தச் சுமையை ஒரு பெல்ட் தாங்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். தினமும் ஓட்டி, பாரம் இழுக்கும் வண்டிக்கு 10 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கருக்கு மேல் நான் போக மாட்டேன். 600-க்காக இரட்டைப் பம்ப் என்பது தேவையில்லாத செலவு.

வேறு வண்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சில வார்த்தைகள். 1994 முதல் 1998 வரையிலான 12 வால்வு கம்மின்ஸில் இருப்பது பாஷ் பி7100. முழுக்க மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் கிடையாது, முரட்டுப் பம்ப். அதற்கு நுழைவாயில் அழுத்தம் 25, 30 பிஎஸ்ஐ என்ற அளவில் வேண்டும், சிபி3-க்குப் போடும் ரெகுலேட்டரை அப்படியே வைத்தால் போதாது. 1998-இன் பாதியிலிருந்து 2002 வரை வந்த 24 வால்வில் இருப்பது விபி44 பம்ப். இது டீசல் ஓட்டத்தால்தான் குளிர்கிறது. லிஃப்ட் பம்ப் சத்தமில்லாமல் செத்துவிட்டால் வண்டி சில காலம் ஓடும், அதற்குள் விபி44 பாழாகிவிடும். அந்த வண்டிக்கு கேஜ் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது என்பேன், முழு மிதியிலும் 10 பிஎஸ்ஐக்குக் கீழே விடக் கூடாது.

2001 முதல் 2010 வரையிலான ஜிஎம்மின் டியூராமேக்ஸ் டீசல் இன்ஜின்களில் சிபி3 இருக்கிறது, லிஃப்ட் பம்ப்பே கிடையாது. டாங்க்கிலிருந்து இன்ஜின் வரைக்கும் சிபி3 தானே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். அந்த வண்டிகளில் லிஃப்ட் பம்ப் போடுவது, என் கணிப்பில், செய்யக்கூடிய மாற்றங்களிலேயே மிகப் பயனுள்ளது.

சிபி4.2 என்ற ஹை பிரஷர் பம்ப் வேறு கதை. 2011 முதல் 2016 வரையிலான டியூராமேக்ஸ் எல்எம்எல், 2011 முதல் ஃபோர்டு 6.7 பவர்ஸ்ட்ரோக், 2019, 2020 ராம் 6.7 ஆகியவற்றில் இது இருக்கிறது. இரண்டே பிஸ்டன், 2,000 பார். பிஸ்டனுக்கு அடியில் கேமின் மேல் உருளும் ஒரு ரோலர் உண்டு. அது திரும்பிக்கொண்டால் உருளுவதற்குப் பதில் தேய்க்கத் தொடங்கும். உலோகத் துகள் ரெயில், இன்ஜெக்டர், ரிட்டர்ன், டாங்க் என்று எல்லா இடத்துக்கும் பரவும். அதன் பிறகு பம்ப்பை மட்டும் மாற்றினால் போதாது, முழு டீசல் அமைப்பையும் மாற்ற வேண்டும். ராம் 2021-இல் சிபி3-க்கே திரும்பிவிட்டது, 2019, 2020 வண்டிகளைத் திரும்ப அழைத்து பம்ப்பை மாற்றியும் கொடுத்தது. ஜிஎம் 2017-இல் டென்சோ எச்பி4 பம்ப்புக்கு மாறியது. சிபி4 வண்டி வைத்திருப்பவர்கள் சக்தி கூட்டும் எண்ணம் இல்லாவிட்டாலும் சிபி3-க்கு மாற்றும் கிட்டைப் பற்றி யோசிக்கலாம். குறைந்தபட்சம், பம்ப்புக்குள் ஓடிய டீசலை ரெயிலுக்குப் போகவிடாமல் ஃபில்டர் வழியாகத் திருப்பிவிடும் கிட்டையாவது போடலாம்.

டீசலின் வழவழப்புத் தன்மையும் இங்கே முக்கியம். அமெரிக்காவில் 2006 முதல் நெடுஞ்சாலை டீசலில் கந்தகம் 15 பிபிஎம்முக்குக் குறைந்தது. கந்தகத்தை எடுக்கும் முறையில் இயல்பான வழவழப்பும் போய்விடும், அதைச் சேர்க்கைப் பொருள் கலந்து ஈடுகட்டுகிறார்கள். தேய்மானச் சோதனையில் அமெரிக்கத் தரம் 520 மைக்ரான் தழும்பு வரை அனுமதிக்கிறது, ஐரோப்பியத் தரம் 460 வரைதான். பம்ப்பின் மேல் அக்கறை உள்ளவர்கள் நல்ல லூப்ரிசிட்டி அடிட்டிவ் ஊற்றுவதில் நியாயம் இருக்கிறது.

600 குதிரைத்திறனைப் பற்றியும் ஒரு வார்த்தை. டீசல் கிடைத்துவிட்டால் அடுத்து தோற்கப்போவது வேறொன்று. ஆட்டோமேட்டிக் என்றால் உங்கள் வண்டியில் இருப்பது 48ஆர்இ கியர்பாக்ஸ். உள்பாகங்களைப் பலப்படுத்தாத 48ஆர்இ 600-ஐத் தாங்காது, கன்வெர்ட்டரும் கிளட்ச்சும் வழுக்கும். மேனுவல் என்றால் கிளட்ச் மாற்றாமல் முடியாது. சிலிண்டர் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் ஹெட் ஸ்டட் போடாமல் டர்போவின் அழுத்தத்தை (பூஸ்ட்) அதிகம் ஏற்ற வேண்டாம். டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்டும் பைரோமீட்டர் இருக்கட்டும். 1,250, 1,300 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீடித்தால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள், குறிப்பாக டிரெய்லர் இழுக்கும்போது. சட்டப் பக்கம், மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றுவதோ டியூனில் முடக்குவதோ அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் குற்றம். கலிபோர்னியாவில் இன்ஜின் பாகங்களுக்கு கார்ப் என்ற மாநிலக் காற்று வாரியத்தின் ஒப்புதல் எண் கேட்பார்கள். லிஃப்ட் பம்ப் வாங்கும்போதே அந்த எண் உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

பொருத்தும் நாளில் சுத்தம்தான் எல்லாம். இன்ஜினைக் கழுவிக் காயவைத்த பிறகு தொடங்குங்கள். ஒரு பைப் கழற்றியதும் இரண்டு முனைகளையும் மூடிவிடுங்கள். பழைய சிபி3-யிலிருந்து எஃப்சிஏ-யைக் கழற்றி அதன் வாயைப் பாருங்கள், பழைய ஃபில்டரையும் வெட்டித் தாளை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். மின்னும் துகள் இருந்தால் புதுப் பம்ப்பைப் பொருத்தாதீர்கள். ரெயில், பைப், இன்ஜெக்டர், டாங்க் எல்லாம் சுத்தமாகும் வரை அது தன் முன்னோடியின் வழியிலேயே போகும். சிபி3-யை இன்ஜினோடு டைமிங் சேர்க்கத் தேவையில்லை, கியர் நட்டின் டார்க்கை மட்டும் மேனுவல்படி கொடுங்கள். உயர் அழுத்த பைப்பை வளைத்துப் பொருத்தக் கூடாது. இயல்பாக உட்கார வேண்டும், உட்காரவில்லை என்றால் வேறு பைப்.

புதுப் பம்ப்பை உலர்ந்த நிலையில் சுற்றவிடாதீர்கள். இக்னிஷனை மட்டும் போட்டு லிஃப்ட் பம்ப்பைப் பலமுறை ஓடவிட்டு, நுழைவாயில் யூனியனைத் தளர்த்தி குமிழ் இல்லாத டீசல் வரும் வரை ஏர் லாக் எடுங்கள். பிறகு ஸ்டார்ட்டரைக் குறுகிய இடைவெளிகளில் கொடுங்கள். ஓடும் இன்ஜினில் கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. 1,600 பாரில் ஊசித்துளை வழியாக வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் புள்ளி அளவுதான் தெரியும், ஆனால் உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும், தாமதித்தால் விரலோ கையோ போகும். நீளமான ஒரு அட்டையைப் பிடித்துத் தேடுங்கள். யூனியனைத் தளர்த்த வேண்டுமானால் இன்ஜினை நிறுத்தி, ரெயில் பிரஷர் இறங்கியதை ஸ்கேனரில் பார்த்த பிறகே ஸ்பானரை எடுங்கள்.

முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். பிறகு அதே கியர், அதே 1,600 முதல் 3,000 வரை, அதே நான்கு பதிவுகள். பழைய பதிவின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் மேலே வரை ஒட்டிப்போய், எஃப்சிஏ இன்னும் முழுவதும் திறக்காமல் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தால் உங்கள் 600-க்குப் போதுமான டீசல் வந்துவிட்டது. ஃபில்டரை மட்டும் இந்த முதல் தடவை வழக்கமான நேரத்துக்குக் காத்திராமல் ஆயிரம் கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள், பழைய பைப்களிலும் டாங்க்கிலும் இருந்த அழுக்கு முழுவதும் புது ஓட்டத்தில் கிளம்பி அதில்தான் வந்து நிற்கும்.